ஒற்றையாள் வண்டியின் கணக்கு

சென்னை,
2-8-1937

அக்காவுக்கும் மச்சானுக்கும் மணியன் வணக்கம். உடம்பு சுகம். சாப்பாடுதான் சுகமில்லை; இந்த ஊரில் புளியைக் கரைத்தே ஆளைக் கொல்லுகிறார்கள். மச்சானுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? பட்டறையில் எத்தனை பஸ் நிற்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். என் முதலாளி, அரிசி ஆலைக்காரர், மரத்தில் மோதி நசுங்கிப்போன ஒரு சீமைக் காரை வாங்கிப் போட்டிருக்கிறார். எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் மட்டும் பழுதில்லை. அதை வைத்து ஒரே ஒரு ஆள் உட்காருகிற பந்தய வண்டி கட்ட வேண்டுமாம். டிசம்பரில் இங்கே ஒரு பந்தயம், ஜனவரியில் பெங்களூரில் ஒன்று, மார்ச்சில் மறுபடி இங்கே பெரிய பந்தயம். மூன்றிலும் ஓட்டப்போவது நான்.

யார் கட்டுவது என்று பேச்சு வந்தது. "எங்க மச்சான் நாமக்கல்லுல பஸ்ஸுக்குப் பாடி கட்டறாருங்க, அவருக்கு இதெல்லாம் சுண்டைக்காய்" என்று வாயை விட்டுவிட்டேன். முதலாளி சரி என்றுவிட்டார். எஞ்சினும் சட்டமும் கூட்ஸில் சேலம் வருகின்றன. அங்கிருந்து லாரி வைத்து எடுத்துக்கொள்ளவும். என் மானம் மச்சான் கையில்.

மணியன்


நாமக்கல்,
ஈசுவர வருஷம் ஆவணி 8

தம்பி மணியனுக்கு அக்காள் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சௌக்கியம். மோகனூரில் அம்மாவும் சௌக்கியம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது.

உன் மச்சான் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவர் படித்தது மூன்றாவது. எழுத்து நண்டு ஊர்ந்ததுபோல இருக்கும் என்று உனக்குத் தெரியும். கையெழுத்து மட்டும் அவர் போடுவார்.

சட்டம் வந்து சேர்ந்தது. பார்த்துவிட்டு மச்சான் சொல்வது: ஆள் நடுவில் உட்கார வேண்டும். ஆனால் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு நடுவில்தான் ஓடுகிறது. அதன் மேல் உட்கார்ந்தால் பரணில் உட்கார்ந்த மாதிரி ஆகும். ரேக்ளா மாட்டுவண்டியில் குந்தி ஓட்டுகிறவன் நின்று ஓட்டுகிறவனை வளைவில் முந்துவான் அல்லவா? அதனால் எஞ்சினை நாலு விரற்கடை இடப்பக்கம் தள்ளி வைத்து, தண்டையும் அப்படியே தள்ளி, உன்னைத் தரையை ஒட்டி உட்கார வைக்கிறோம். ஒரு பக்கம் கனத்துப் போகுமே என்றால், பாட்டரியை வலப்பக்கம் வைத்தால் சரியாகும்.

ஒரு வாரம் லீவு போட்டு வா. அளவு எடுக்க வேண்டும். சாக்கில் ஈர மணலைக் கொட்டி உன்னை அதில் உட்கார வைத்து, பதிந்த பள்ளத்தைப் பார்த்து இருக்கை செய்யலாம் என்கிறார். வரும்போது சட்டை கொண்டு வா. போன தடவை மச்சான் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவன் இன்னும் திருப்பவில்லை.

இனிக் கையெழுத்து அவருடையது.

சுப்பையன்


சென்னை,
21-10-1937

அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம். வண்டியும் நானும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தோம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

மணல் மூட்டைக் கதையைச் சொன்னேன். இங்கே முதலாளியின் பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்து காட்டியதும் சிரிப்பு நின்றது. என் இடுப்புக்குத் தவிர வேறு எந்த இடுப்புக்கும் அது சேரவில்லை. முதலாளி ஆசைப்பட்டு அதற்குள் இறங்கிவிட்டார். வெளியே எடுக்க மூன்று பேர் இழுத்தோம். பெட்ரோல் டாங்கி மட்டும் இங்கே செய்தது. வாலில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அக்கா, பறக்கிறது! இன்னொரு பட்டறை மேஸ்திரி வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "யார் போட்ட கணக்கு இது?" என்றார். "எங்க மச்சானுங்க" என்றேன். ஒன்றுதான் எனக்கு ஆச்சரியம். மச்சானுக்கு ரேக்ளா இவ்வளவு தெரியுமா? அப்பா பந்தயம் விட்ட காலத்தில் பாரம் சரிக்கட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்தது நீதானே, அவர் இல்லையே.

மணியன்


சென்னை,
13-12-1937

அக்கா, மச்சானுக்கு வணக்கம். இரண்டு மாதமாக உங்கள் கடிதம் இல்லை. மழை பலமா? எல்லாரும் சுகந்தானே?

நேற்று முதல் பந்தயம் நடந்தது. ஒன்பது வண்டியில் மூன்றாவதாக வந்தேன். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குப் புரியாதது வேறு. தொடக்கத்தில் வண்டி நூல் பிடித்தமாதிரி போகிறது. முடியும்போதும் அப்படியே. நடுவில் ஒரு நாலைந்து சுற்று மட்டும் தெற்கு வளைவில் வாலை வீசுகிறது. பிடித்து நிறுத்துவதற்குள் உயிர் போய்விட்டு வருகிறது. சக்கரம், ஸ்பிரிங், ஆக்ஸில் எல்லாம் கழற்றிப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை.

மச்சானிடம் கேட்டு உடனே எழுது. பெங்களூர்ப் பந்தயம் ஜனவரி 16. அங்கே வளைவுகள் இன்னும் குறுகல்.

மணியன்


சென்னை,
3-1-1938

அக்காவுக்கு வணக்கம். முன் கடிதம் வந்ததா? பதில் இல்லையே. மச்சானுக்கு என் மேல் ஏதாவது கோபமா? சட்டையை வேண்டுமானால் இன்றே பார்சலில் அனுப்பிவிடுகிறேன்.

பத்தாம் தேதி பெங்களூர் புறப்படுகிறோம். அதற்குள் இரண்டு வரி எழுதினால் போதும்.

மணியன்


நாமக்கல்,
ஈசுவர வருஷம் தை 2

தம்பி மணியனுக்கு ஆசீர்வாதம். பொங்கல் நல்லபடியாக ஆயிற்று. இங்கே யாவரும் க்ஷேமம். மச்சானுக்குப் பட்டறையில் வேலை நெருக்கடி. அதனால்தான் தாமதம்.

உன் வண்டியைப் பற்றி மச்சான் சொல்வது: கோளாறு ஆக்ஸிலில் இல்லை, டாங்கியில் இருக்கிறது. தண்ணீர் வண்டியில் பீப்பாய் முழுக்க நிறைந்திருந்தால் ஆட்டாது. காலியாக இருந்தாலும் ஆட்டாது. பாதியாக இருக்கும்போதுதான் தண்ணீர் ஒரு பக்கம் போய் முட்டி, மாட்டையும் சேர்த்து இழுக்கும். உன் டாங்கி வாலில் இருக்கிறது. பந்தயத்தின் நடுவில் பாதியாகிறது. வளைவில் பெட்ரோல் ஓடிப்போய் ஒரு பக்கம் இடிக்கிறது, வால் போகிறது.

குடத்தில் தண்ணீர் எடுத்து வரும்போது ஒரு வேப்பங்கொத்தை உள்ளே போட்டால் தளும்பாது அல்லவா? அதுபோல டாங்கிக்குள் குறுக்கே மூன்று தகரத் தடுப்பு வைத்து, தடுப்பில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு ரிவிட் அடிக்கவும். முடிந்தால் டாங்கியையே வாலிலிருந்து எடுத்து, இரண்டாகப் பிரித்து உன் இரண்டு பக்கமும் வைக்கவும். இந்தக் கடிதம் நேரத்துக்குச் சேருமோ தெரியவில்லை; இதைச் செய்யாமல் பெங்களூரில் வேகமாக ஓட்ட வேண்டாம்.

உன் மச்சான்


சென்னை,
26-1-1938

அக்காவுக்கு வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். இடது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, சோறு வலது கையால்தானே.

உன் கடிதம் பந்தயத்துக்கு மூன்று நாள் கழித்துச் சென்னைக்கு வந்தது. பெங்களூரில் பதினோராம் சுற்றில், நீ எழுதியதுபோலவே, டாங்கி பாதியாக இருக்கும்போது வால் போயிற்று. வண்டி மூன்று சுற்றுச் சுற்றி மணல் மூட்டைச் சுவரில் ஏறி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜனங்கள். மூட்டை ஒன்று குறைவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

இப்போது முதலாளிக்கு வேறு ஆசை. மார்ச் 13 பந்தயம் அறுபது மைல். நடுவில் பெட்ரோலுக்கு நிற்காமல் ஓட வேண்டுமாம். அதனால் வாலில் இதைப்போல இரண்டு மடங்கு டாங்கி வைக்கச் சொல்கிறார். நான் மச்சான் சொன்ன தடுப்பைப் பற்றிச் சொன்னேன். "கட்டினவன் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தா கேக்கறேன், உன் பேச்சைக் கேட்டு மாத்த முடியாது" என்கிறார். கடிதத்தைக் காட்டினேன். கீழே கையெழுத்து இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா, நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். மச்சான் எந்தக் காலத்தில் குடம் தூக்கினார், வேப்பங்கொத்துப் போட்டார்? கையெழுத்துப் போடாமல் அவர் எந்தக் கடிதத்தை விட்டார்? கடலைமூட்டை ஏற்றி வந்த நம்மூர் லாரி டிரைவர் சென்னிமலையைப் பார்த்தேன். "உங்க மச்சானைப் பட்டறையில கண்ணுல பாத்தே ரெண்டு மாசமாச்சுங்க, அக்காதான் வெளியில வந்து பேசறாங்க" என்கிறான். என்னத்தை மறைக்கிறாய்?

மணியன்


நாமக்கல்,
ஈசுவர வருஷம் மாசி 3

தம்பி மணியனுக்கு அக்காள் எழுதியது. கையை அசைக்காதே. நல்லெண்ணெய் தடவிக் கட்டு.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையில் உன் மச்சான் ரிவிட் அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாய் கோணியிருக்கிறது. பேச்சுக் குழறுகிறது, எனக்கு மட்டும் பாதி புரியும். வைத்தியர் வந்து எண்ணெய் போடுகிறார். எழுந்து உட்காருகிற அளவுக்குத் தேறியிருக்கிறார்.

உனக்கு எழுதினால் போட்டது போட்டபடி வந்துவிடுவாய். உன் வேலையும் போகும். ஊருக்குச் சொன்னால் பஸ்காரர்கள் வண்டியை வேறு பட்டறைக்கு ஓட்டிப் போய்விடுவார்கள். அதனால் யாராவது வந்து கேட்டால், "உள்ளே படுத்திருக்கறாருங்க, கேட்டுட்டு வாரேன்" என்று உள்ளே போவேன். சுவரைப் பார்த்து நூறு எண்ணுவேன். வெளியே வந்து, "இப்படிச் செய்யச் சொன்னாருங்க" என்பேன். கொல்லன் கந்தவேல் ஒருவனுக்குத்தான் தெரியும். இதுவரை எந்தப் பஸ்ஸும் கவிழவில்லை.

ஆமாம், குடம் தூக்கினவள் நான்தான். டாங்கியைப் பற்றிச் சொன்னதும் நான்தான். அக்காள் சொன்னது என்று எழுதியிருந்தால் நீ கேட்டிருப்பாயா? அப்பா காளைக்கு முன்பாரம் அதிகம் என்று நான் அழுதபோது, "ஏ, இவ வண்டிக்காரி வந்துட்டா" என்று சிரித்தவன் நீதானே. அந்தக் காளை கழுத்து முறிந்து விழுந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். பாரத்துக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது மணியா.

கையெழுத்துத்தான் என்னால் ஆகவில்லை. நேற்றுப் பேனாவை எடுத்தேன். முதல் எழுத்தைப் போட்டேன், மேலே ஓடவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். நல்லா இருக்கிற காலத்திலேயே நான் சொன்னதில்லை. இப்போது பாயில் கிடக்கிற மனுஷன் பேரை எப்படி எழுதுவேன்? எழுதாவிட்டால் நீ அந்த டாங்கியை வைத்துக்கொண்டு ஓட்டப் போகிறாய். இரண்டு பக்கமும் நெருப்பாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

டாங்கியை மாற்றாவிட்டால் அந்த வண்டியில் ஏறாதே.

அக்காள்


சென்னை,
21-2-1938

அக்காவுக்கு. மச்சானை நினைத்து இரண்டு நாள் வேலை ஓடவில்லை. உன் மேல் கோபமும் வந்தது, போயும் விட்டது. அந்தக் காளை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

முதலாளியிடம் ஏற மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நீ இல்லாட்டி பெங்களூர்ப் பையன் ஒருத்தன் இருக்கான், இருக்கையில துணியைத் திணிச்சுக்கிட்டு ஓட்டுவான்" என்றார். அந்தப் பையனுக்கு இருபது வயசு. வால் வீசுகிற விஷயம் அவனுக்குத் தெரியாது. சொன்னாலும் அவன் வயசில் நான் கேட்டிருக்க மாட்டேன். ஆகவே நான்தான் ஏறுவேன்.

மார்ச் 5-க்குள் கையெழுத்து வந்தால் உன் கணக்குப்படி டாங்கி. வராவிட்டால் அவர் கணக்குப்படி. நீ எழுத வேண்டாம் அக்கா. மச்சான் ஆயுசை வைத்து என் ஆயுசை வாங்க வேண்டாம். நான் மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன்.

மணியன்


நாமக்கல்,
ஈசுவர வருஷம் மாசி 19

தம்பி மணியனுக்கு ஆசீர்வாதம். மச்சான் சுவரைப் பிடித்து இரண்டு அடி நடந்தார்.

மெதுவாக ஓட்டுகிறானாம்! உன்னை எனக்குத் தெரியாதா?

என்னால் இன்றுவரை எழுத முடியவில்லை. உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாளிலிருந்து மூன்று நாள், விடிந்தால் போதும், "நரசிம்மருக்கு வெளக்குப் போட்டுட்டு வா" என்று குழறிக் குழறி என்னைக் கோயிலுக்குத் துரத்தினார். மூன்றாம் நாள் நான் வரும்போது வேட்டியெல்லாம் மை. இடது கை விரல் ஐந்தும் கறுப்பு. கந்தவேல் வாசலில் திருதிருவென்று விழித்தான். "மேஸ்திரி ஒரு கவர் குடுத்தாருங்க, சென்னைக்குப் போட்டுட்டேன். உங்ககிட்ட காட்டக் கூடாதுன்னு சைகை பண்ணாருங்க" என்றான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இடது கையால் பேர் மட்டும் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். வந்ததா என்று எழுது.

அக்காள்


சென்னை,
14-3-1938

அக்காவுக்கு வணக்கம். முதலில் இதைப் படி: நான் முழுசாக இருக்கிறேன். நேற்று அறுபது மைலும் ஓடி, இரண்டாவதாக வந்தேன். முதல் வண்டிக்கும் எனக்கும் இரண்டு வண்டி நீளந்தான் இடைவெளி.

மச்சான் கவர் மார்ச் 4-ஆம் தேதி வந்தது. முதலாளி பேரில் வந்ததால் அவர்தான் பிரித்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். மச்சான் எழுத்தைக் கூட்டவும் முடியாது. என்னிடம் கொடுத்து, எல்லார் முன்னாலும் படிக்கச் சொன்னார். நான் முதலில் மனசுக்குள் படித்தேன். சத்தமாகப் படித்தால் முதலாளி காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாரோ என்று இருந்தது. மாற்றிப் படித்துவிடலாம், கேட்பார் இல்லை. ஆனால் பழக்கமில்லாத இடது கையால் அந்த மனுஷர் எழுதியதை மாற்றிப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. உள்ளபடியே படித்தேன். இதோ எழுதியிருந்தது:

"வண்டி கட்டுன கை என்னுது. கணக்கு மொதல்லயிருந்தே வசந்தாமணியுது. எஞ்சினத் தள்ளி வெச்சதும் மணல் மூட்டையும் அவ சொன்னது. நான் சொன்னதா எழுதச் சொன்னேன். டாங்கியும் அவ சொல்றபடி வையுங்க. சுப்பையன்."

முதலாளி மீசையைத் தடவினார். பிறகு, "கையெழுத்துக் கட்டினவனுதுதானே?" என்றார். "ஆமாங்க" என்றேன். "அப்ப அதுபடியே வை. நான் கேட்டது கையெழுத்துத்தான்" என்று போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

டாங்கியை இரண்டாகப் பிரித்து என் இரண்டு பக்கமும் வைத்து, உள்ளே ஓட்டைத் தடுப்பு அடித்தோம். பாதிப் பந்தயத்தில், டாங்கி பாதியாக இருக்கும்போது, தெற்கு வளைவுக்கு வந்தேன். பெங்களூர்ச் சுவர் கண் முன்னால் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். வண்டி வாலை வீசாமல் கல்லுப்போலத் திரும்பியது.

மச்சான் உன்னை "இந்தா புள்ள" என்று கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். உன் பேரை அவர் சொல்லியோ எழுதியோ நான் கண்டதில்லை. காகிதத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னிடந்தான் இருக்க வேண்டும்.

அன்றைக்குச் சிரித்ததற்கு என்னை மன்னித்துவிடு அக்கா.

மணியன்


நாமக்கல்,
ஈசுவர வருஷம் பங்குனி 9

தம்பி மணியனுக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். உன் கடிதமும் அதோடு வந்த காகிதமும் கிடைத்தன.

காகிதத்தை எடுத்துப் போய் அவர் முன்னால் நீட்டினேன். "இதென்னங்க இது?" என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்து போயிற்று. அன்றைக்கு எனக்குச் சமையல் ஓடவில்லை. பருப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

நேற்று ஒரு பஸ்காரர் வந்து பின் ஆக்ஸிலைப் பற்றிக் கேட்டார். வழக்கப்படி உள்ளே போகத் திரும்பினேன். உள்ளேயிருந்து உன் மச்சான் குழறினாலும் தெளிவாகவே சத்தம் போட்டார்: "அங்கயே நின்னு சொல்லு புள்ள." நின்ற இடத்திலேயே சொன்னேன். பஸ்காரர் கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வருஷமும் வண்டி ஓடுமானால் இப்போதே எழுது. எஞ்சினை இன்னும் ஒரு சாண் பின்னால் தள்ளலாம் என்று தோன்றுகிறது. மச்சான் சட்டையை அனுப்பி வை.

வசந்தாமணி